நான்கு வருடமாகக் கேட்ட அந்த ‘டக்’

போன வாரம் முன் இடது ஷாக் அப்சார்பர் கசிந்துவிட்டது. அதைக் கழற்றிப்போட்ட அன்றைக்குத்தான் ஒரு நண்பர் கூப்பிட்டு, தன் வண்டியைத் தூக்கப் போவதாக, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றி உயரத்தைக் கூட்டப் போவதாகச் சொன்னார். “ரெண்டு இஞ்ச் போடட்டுமா, மூணு போடட்டுமா?” என்பது அவர் கேள்வி. நான்கு வருடத்துக்கு முன் நானும் இதைத்தான் கேட்டேன். அதற்கான லிஃப்ட் கிட்டை என்னிடம் விற்றவரும் இதற்கு மட்டும்தான் பதில் சொன்னார். அந்த ஆத்திரம் இன்னும் ஆறாததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் வண்டியில் முன்னும் பின்னும் இரு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்ஸில், நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். போட்டது 50 மில்லிமீட்டர் லிஃப்ட் கிட். வாங்கும்போது, முன்னால் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச்சும் வரப்போகிறது என்று சொன்னேன். அதற்கேற்ற கனமான ஸ்பிரிங்கைக் கொடுத்தார்கள். பம்பரும் வரவில்லை, வின்ச்சும் வரவில்லை. வண்டி ஓடிய நாட்களில் பத்துக்கு ஒன்பது நாள் நான் மட்டும்தான் உள்ளே இருந்தேன்.

மாட்டிய முதல் நாளிலேயே ‘டக்’ என்று ஒரு சத்தம். வேகத்தடை ஏறும்போது வராது, இறங்கும்போதுதான் வரும். முன்சக்கரம் தடையைத் தாண்டிக் கீழே போகும் நொடியில் யாரோ சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியது போல இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கும் அது தெரியும். லிங்க் ராடு மாற்றினேன். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடின் போல்ட்டை இறுக்கினேன். ஆக்ஸிலைப் பிடிக்கும் ஆர்ம்களில் உள்ள ரப்பர் புஷ்களை மாற்றினேன். வேறு வேறு இடங்களில் காட்டியபோதெல்லாம் “லிஃப்ட் பண்ணின வண்டி அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். எனக்குக் கோபம் வருவது இந்தப் பதிலில்தான். தூக்கிய வண்டி அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர், கசிந்த ஷாக்கை மாற்றிய மெக்கானிக். புது ஷாக்கை முழுதாக நீட்டி அளந்தார். பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஷாக் மாட்டும் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் 4 செண்டிமீட்டர். அதாவது சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சமிருந்தது அவ்வளவுதான். பள்ளம் அதைவிட ஆழமாக இருந்தால் ஷாக் முழுதும் நீண்டு உள்ளுக்குள் முட்டிக்கொள்ளும். அந்த முட்டல்தான் ‘டக்’. நான்கு வருடம் முட்டி முட்டி புஷ் கிழிந்து, கடைசியில் எண்ணெயை அடைத்து வைக்கும் சீலும் போயிற்று.

அப்புறம் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, கிட் போடுவதற்கு முன் எழுதிவைத்திருந்த அளவோடு ஒப்பிட்டோம். 50 என்று வாங்கிய லிஃப்ட் முன்பக்கம் 72 மில்லிமீட்டராக நின்றிருந்தது. கணக்குப் போட்டால் இதில் மர்மமே இல்லை. என் முன் ஸ்பிரிங்கை ஒரு செண்டிமீட்டர் அமுக்க ஏறத்தாழ 25 கிலோ வேண்டும். 110 கிலோ கூடுதல் எடைக்கு என்று செய்த ஸ்பிரிங், பக்கத்துக்கு 55 கிலோ. அந்த எடை வராவிட்டால் 2.2 செண்டிமீட்டர் கூடுதலாக எழும்பித்தான் நிற்கும். ஆனால் கிட்டில் வந்த ஷாக்கின் நீளம் 50 மில்லிமீட்டர் லிஃப்ட்டுக்கானது. எழும்பிய உயரமெல்லாம் சக்கரம் இறங்க வேண்டிய தூரத்திலிருந்து பிடுங்கியதுதான்.

மேடுபள்ளத்தில் ஓட்டுகிறவருக்கு இந்த இறங்கும் தூரம் சாதாரண விஷயமில்லை. ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது எதிர்ச்சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைப் பிடிக்க வேண்டும். என் வண்டியில் அது அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். உயரத்துக்காகச் செலவு செய்து, பிடிப்பை இழந்திருக்கிறேன்.

உயரத்தோடு வரும் மற்ற தொல்லைகளும் வந்தன. பான்ஹார்டு ராடு சாய்ந்து ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளிப்போனது; நீளத்தை மாற்றக்கூடிய ராடு போட்டுச் சரியானது. காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்து, திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பவில்லை. அதற்கென்று வரும் புஷ் போட்டுச் சரியானது. இவை தெரிந்த தொல்லைகள், தெரிந்த மருந்துகள். குறை சொல்ல மாட்டேன்.

ஷாக்குகளைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவை அருமை. ஒற்றைக் குழாய், உள்ளே அழுத்தமான நைட்ரஜன். வண்டியோடு வந்த இரட்டைக் குழாய் ஷாக்குகள் அலை அலையான கப்பிச் சாலையில் கொஞ்ச நேரத்திலேயே சூடாகி, எண்ணெய் நுரைத்து, பின்பக்கம் தானாக ஆடத் தொடங்கிவிடும். இவற்றில் வாயுவையும் எண்ணெயையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது, அதனால் நுரை கிளம்புவது அரிது. எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒரே சுவர், ஆகவே சூடும் சீக்கிரம் இறங்கும். ஒரு முறை மூன்று மணி நேரம் அப்படிப்பட்ட சாலையில் ஓட்டினேன். கடைசிக் கிலோமீட்டரும் முதல் கிலோமீட்டர் மாதிரியே இருந்தது. இறங்கி ஷாக்கைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆனாலும் வேலை செய்துகொண்டிருந்தது. அன்று அடைந்த சந்தோஷத்தை இந்த வண்டியில் வேறு எந்தப் பொருளும் எனக்குத் தந்ததில்லை. ஒரு பலவீனம் உண்டு. பெரிய கல் பட்டுக் குழாய் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய் அதைத் தாங்கிக்கொள்ளும். பாறையில் ஊர்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், இந்தக் கிட்டை வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பொருள் மட்டமில்லை. ஆனால் எடையைக் கேட்காமல் ஸ்பிரிங் கொடுக்கும் கிட் எனக்கு வேண்டாம். “வின்ச் இன்னிக்கு வண்டியில இருக்கா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான்கு வருடம் அந்தச் சத்தத்தோடு ஓட்டியிருக்க மாட்டேன். இப்போது லேசான முன் ஸ்பிரிங் வரவழைத்திருக்கிறேன். ஷாக்குகள் அப்படியே இருக்கும்.

நண்பருக்கு இஞ்ச் கணக்கு எதுவும் சொல்லவில்லை. டேங்க் நிறைய எரிபொருள், எப்போதும் கூட வரும் ஆட்கள், எப்போதும் கிடக்கும் சாமான் எல்லாவற்றோடும் எடைமேடைக்குப் போய், முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் தனித்தனியாக எடை போட்டு வரச் சொன்னேன். வாங்கப் போகும் சாமானைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னேன். நேற்று எண்களை அனுப்பினார். புதிதாக வந்தபோது இருந்ததைவிட முன்பக்கம் 28 கிலோதான் கூடியிருக்கிறது. பின்பக்கம் கேரியரும் தண்ணீர்க் கேனுமாகச் சேர்ந்து 90 கிலோ. முன்னுக்கு லேசானது, பின்னுக்கு நடுத்தரமானது என்பது வரை முடிவாகிவிட்டது. எத்தனை இஞ்ச் என்று இன்னும் பேசவில்லை.