மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர்களில் யார் சிறந்தவர்: ஹைஹாவா, பவ்லிசென்கோவா?

பின்லாந்தின் சிமோ ஹைஹா விவசாயி, வேட்டைக்காரர். சோவியத்துக்கு எதிரான 1939-40 குளிர்காலப் போரில், கொல்லா (Kollaa) என்ற இடத்துப் போர்முனையில், தொலைநோக்கி பொருத்தாத துப்பாக்கியால் சுட்டார். தொலைநோக்கி இருந்தால் தலையைச் சற்றுத் தூக்க வேண்டும். கண்ணாடி வெயிலில் மின்னும், குளிரில் மங்கும். மூச்சு ஆவியாகத் தெரியாதிருக்க வாயில் பனியை அடக்கிக்கொள்வார். அவர் சுட்டுக் கொன்றதாகக் கணக்கு 500 பேருக்கு மேல்.

சோவியத்தின் லுட்மிலா பவ்லிசென்கோ, கீவ் பல்கலைக்கழக வரலாற்று மாணவி. இரண்டாம் உலகப் போரில், ஒடெசா, செவஸ்தபோல் நகர முற்றுகைகளில், தொலைநோக்கித் துப்பாக்கியால் அவர் கொன்றதாகக் கணக்கு 309 பேர்.

எல்லாம் மனித உயிர்கள். எண்ணை மட்டும் வைத்துத் தரம் பிரிக்க எனக்கு மனமில்லை. குறிபார்க்கும் திறனில், 100 நாளுக்குள் வெறுங்கண்ணால் இதைச் செய்த ஹைஹாவே ஒரு படி மேல். குண்டுமழைக்கு நடுவே மாதக்கணக்கில் தாக்குப்பிடித்த நெஞ்சுரத்தில் பவ்லிசென்கோ. 1940 மார்ச்சில் ஹைஹாவின் தாடை சிதைந்தது. 1942 ஜூனில் பவ்லிசென்கோ காயமடைந்து களம் விட்டு விலகினார்.