வர்ரோவா உண்ணிக்கு எந்த மருந்து? முதலில் மூடியைப் பாருங்கள்

வளர்ப்புத் தேனீக்களைத் தாக்கும் ஒட்டுண்ணியான வர்ரோவா உண்ணிக்கு எது நல்ல மருந்து என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: அடையில் இப்போது மெழுகு மூடிய புழுக் கண்ணறைகள் இருக்கின்றனவா? உண்ணி தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டும் திரியும். மூடிக்குள் புழுவோடு இருந்து குட்டியும் போடும். புழு வளர்ப்பு மும்முரமாக நடக்கும்போது பாதிக்கு மேல் உள்ளேதான் இருக்கும். அந்த மூடியைத் தாண்டுமா, தாண்டாதா என்பதில்தான் மருந்துகள் பிரிகின்றன. இயற்கையா ரசாயனமா என்ற சண்டையெல்லாம் அப்புறம்.

அதற்கும் முன்னால் எண்ண வேண்டும். அரைக் கப் தேனீக்களை, அதாவது சுமார் 300, ஆல்கஹாலில் போட்டுக் குலுக்கி வடிகட்டினால், குண்டூசித் தலையளவு செம்பழுப்பு உண்ணிகள் அடியில் தங்கும். 300-க்கு 9, அதாவது நூற்றுக்கு 3 என்றால் பெரும்பாலோர் மருந்து போட்டுவிடுவார்கள். பொடித்த சர்க்கரையில் உருட்டினால் தேனீக்கள் பிழைக்கும். ஆனால் ஈரப்பதம் மிகுந்த நாளில் சர்க்கரை கட்டிதட்டி, எண்ணிக்கை குறைவாகக் காட்டும். 300 தேனீக்களைப் பலி கொடுத்துச் சரியான கணக்கு வாங்குவதே மேல். சாகடிப்பதற்கு முன் ராணி அதில் இல்லை என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். பலரும் முதலில் எடுப்பது ஆக்ஸாலிக் அமிலம். மலிவு, வேலையும் சுலபம். சர்க்கரைப் பாகில் கரைத்து, அடைச் சட்டங்களுக்கு நடுவே தேனீக்கள் நிற்கும் இடைவெளி ஒவ்வொன்றிலும் 5 மில்லி விடலாம், ஆவியாகவும் செலுத்தலாம். புழுவே இல்லாத பெட்டியில் இதை மிஞ்ச ஒன்றில்லை. ஒரே தடவையில் பெரும்பாலான உண்ணிகள் விழுந்துவிடும். ஆனால் மூடியை இது தாண்டாது. புழு நிறைந்த பெட்டியில் விட்டால், இன்றைக்குப் பெட்டியின் அடித்தட்டில் நிறைய உண்ணிகள் விழுந்ததைப் பார்த்துச் சந்தோஷப்படலாம். பிறக்கும் தேனீக்களோடு மீதியும் வெளியே வந்துவிடும். பாகை அடிக்கடி விட்டால் தேனீக்களுக்கே கெடுதல்.

இதற்கு ஒரு மாற்று வழி, ராணியை மூன்றரை வாரம் போலக் கூண்டில் அடைத்து முட்டையிடாமல் செய்வது. இருக்கும் புழுக்களெல்லாம் பொரிந்து வெளியேறியதும் உண்ணிக்கு ஒளிய இடமில்லை. அப்போது ஒரே ஒரு ஆக்ஸாலிக் போதும். புழு வளர்ப்பில் விழும் இடைவெளியால் சில வாரங்கள் தேனீப் பலம் குறையும். அதைத் தாங்கக்கூடிய பருவம் பார்த்துச் செய்தால், எனக்கு இதுவே பிடித்த வழி.

ஃபார்மிக் அமிலம் நேர் எதிர். அதன் ஆவி மூடிக்குள்ளும் புகுந்து கொல்லும். சிக்கல் என்னவென்றால் வெப்பநிலை: பெட்டிக்குள் வைக்கும், அமிலம் ஊறிய வழக்கமான பட்டைகளுக்குச் சுமார் 10 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரைதான். அதற்கு மேல் போனால் புழு சாகும், ராணியும் போகலாம். வைத்த அன்று தேனீக்கள் வாசலில் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பதற வேண்டியது வெயிலுக்கு. இரண்டு அமிலத்துக்கும் கையுறை, கண்ணாடி கட்டாயம். ஆக்ஸாலிக் ஆவிக்கு அமிலத்துக்கான முகமூடியும் வேண்டும். மூக்கில் கட்டிய துணி போதாது.

ஓம வாசமுள்ள தைமால் மூடியைத் தாண்டாது. மெல்ல ஆவியாகி, வாரக்கணக்கில் நின்று வேலை செய்யும். குளிரில் ஆவியாகாது, தேனில் வாசம் ஏறும். அமிட்ராஸ் என்ற ரசாயன உண்ணிக்கொல்லிப் பட்டைகளும் மூடிக்குள் புகாது. ஆனால் 6 முதல் 8 வாரம் பெட்டியிலேயே இருப்பதால் வெளியே வருகிறவற்றைப் பிடித்துவிடும். இருப்பதிலேயே வேலை குறைந்தது இதுதான். அதனாலேயே ஆபத்தும்: காலம் முடிந்த பட்டையை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். அப்படி நாள் கடந்து கிடக்கும் பட்டை உண்ணிக்கு எதிர்ப்புச் சக்தியைப் பழக்கிவிடும். ஃப்ளூவாலினேட், கூமஃபாஸ் என்ற ரசாயன உண்ணிக்கொல்லிகளும் பல இடங்களில் இப்படித்தான் பயனற்றுப் போயின. இரண்டும் மெழுகிலும் தங்கும். தேனெடுக்கும் பெட்டி மேலே இருக்கும்போது எது அனுமதி என்பதை லேபிளில் பாருங்கள்.

மருந்தில்லாமல் என்றால் ஆண் தேனீ அடையை வெட்டி எடுப்பது. ஆண் கண்ணறை அதிக நாள் மூடியிருப்பதால் உண்ணி அதையே விரும்பும். மூடியைக் கிளறி வெள்ளைக் கூட்டுப்புழுவை வெளியே எடுத்தால், பழுப்புத் தாய் உண்ணி ஓடுவதும், வெளிறிய குட்டிகள் ஒட்டியிருப்பதும் கண்ணுக்கே தெரியும். முட்டையிலிருந்து 24-ஆம் நாள் ஆண் தேனீ வெளிவரும். அதற்குள் எடுக்க மறந்தால் நீங்களே உண்ணிப் பண்ணை நடத்துகிறீர்கள். துணைக்கு நல்லது, தனியாகப் போதாது. பெட்டிக்கு அடியில் போடும் வலைத் தரையும், தேனீக்கள் மேல் சர்க்கரைத் தூவலும் இதைவிடப் பலவீனம்.

எதைப் போட்டாலும் முடிந்தபின் மறுபடி 300 தேனீக்களை எண்ணுங்கள். உடனே எண்ணியும் குறையவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை, வேறு வகைக்கு மாறுங்கள். குறைந்துவிட்டு, சில வாரத்தில் திடீரென ஏறினால், அக்கம்பக்கத்தில் நொடிந்துபோன கூட்டத்தின் தேனைக் கொள்ளையடித்த உங்கள் தேனீக்கள் உண்ணியையும் சுமந்து வந்திருக்கலாம். அதற்கு மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.