கொல்லிமலைப் பயணம்: எதற்கு நேரம் ஒதுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பற்றி வரும் காணொளிகளில் பெரும்பாலானவை அதன் 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தொடங்கி அவற்றோடே முடிந்துவிடுகின்றன. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் அந்தச் சாலை சிறப்பானதுதான். ஒவ்வொரு வளைவிலும் எண்ணிட்ட பலகை நிற்கிறது. ஏற ஏறக் காற்று குளிர்ந்துகொண்டே வருகிறது. ஆனால் சாலையை மட்டும் பார்த்துவிட்டு, மேலே அவசரமாக நான்கைந்து இடங்களில் படமெடுத்துக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடுகிறவர்கள் இந்த மலையைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கொல்லிமலைக்குக் குறைந்தது ஓர் இரவாவது தங்கும்படி திட்டமிட்டுச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊட்டியைப் போல ஆங்கிலேயர் தங்கள் கோடைக்கால ஓய்வுக்காக வளர்த்தெடுத்த நகரம் அல்ல இது. வளப்பூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என்று இன்றும் ‘நாடு’களாகப் பெயர் வழங்கும் ஊர்களில், ‘மலையாளி’ என்று அழைக்கப்படும் தமிழ்ப் பழங்குடி மக்கள் நெல்லும் சாமையும் மரவள்ளியும் மிளகும் காப்பியும் விளைவிக்கிற வாழும் மலை. அதனால் இங்கே பெரிய கடைவீதியையோ பொழுதுபோக்குப் பூங்காக்களையோ எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். மலைச்சரிவில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளையும், அவற்றின் நிழலில் நிற்கும் காப்பிச் செடிகளையும், பள்ளத்தாக்கில் படிப்படியாக இறங்கும் வயல்களையும் நின்று பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல மலை அருகில் இல்லை.

எல்லாவற்றுக்கும் முதலில் வைக்க வேண்டியது ஆகாய கங்கை அருவி. சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் இந்த அருவிக்குச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். படிகள் செங்குத்தானவை, சில இடங்களில் உயரம் ஒரே சீராக இல்லாததால் முழங்காலுக்கு வேலை அதிகம். பாதி தூரம் வரை அருவியின் ஓசைகூடத் தெளிவாகக் கேட்பதில்லை. பிறகு மரங்களுக்கிடையே இரைச்சல் எழுகிறது. கடைசித் திருப்பத்துக்கு முன்பே சாரல் முகத்தில் படுகிறது. அதன் பிறகுதான் மூன்று பக்கமும் பாறைச் சுவர் சூழ்ந்த பள்ளத்தில் தண்ணீர் விழுவது கண்ணில் படுகிறது. அருவியாக விழுவது அய்யாறு. மலையிலிருந்து இறங்கி, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியாக ஓடிச் சமவெளியை அடைவதும் இதே ஆறுதான். காலையில் அருவிப் பாதையின் வாயிற்கதவு திறந்தவுடன் இறங்கிவிடுவது நல்லது. நடுப்பகலில் இறங்கினால், திரும்பி ஏறுவதே அன்றைய நாளின் முழு நினைவாகிவிடும். மழை வலுத்து வெள்ளம் கூடினால் வனத்துறையினர் குளிக்கத் தடை விதிப்பார்கள். அதை மீறித் தண்ணீருக்குள் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

இதயக் கோளாறோ மூட்டு வலியோ உள்ளவர்கள் இந்தப் படிகளை முயலவே வேண்டாம். அத்தகைய பெரியவர்களை அழைத்து வந்திருந்தால், படிகள் தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே உள்ள அறப்பளீசுவரர் கோயிலில் அவர்களை அமர்த்திவிட்டு மற்றவர்கள் சென்று வரலாம். கோயில் வரை வாகனம் போகிறது.

அந்தக் கோயிலைக் காத்திருக்கும் இடமாக மட்டும் பயன்படுத்துவது அதற்குச் செய்யும் அநீதி. தேவாரத்தில் பெயர் சுட்டப்பட்ட வைப்புத் தலங்களுள் ஒன்று இது. சோழர் காலக் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. இங்குள்ள இறைவனைப் பாடுவதுதான் அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம். அருகே ஓடும் ஆற்றில் உள்ள மீன்களை இப்பகுதி மக்கள் பிடிப்பதில்லை. அறுத்த மீன்களைப் பொருத்தி உயிர்ப்பித்த இறைவன் என்பது தல வரலாறு. பொரி போட்டதும் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் திரளும் காட்சியைக் குழந்தைகள் விட்டு வர மாட்டார்கள். கோபுரம் பெரியதன்று, மண்டபங்களும் எளியவை. ஆனாலும் அருவியைப் பார்க்க வருகிறவர்களுள் பலர் இந்தக் கோயிலுக்குள் கால் வைக்காமலே திரும்புவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

வரலாற்றைத் தேடி வருகிறவர்கள் அடுத்து மலைமேல் உள்ள செம்மேடு என்னும் ஊரில் வல்வில் ஓரியின் சிலை முன் நிற்பார்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி இந்த மலையை ஆண்டவன். அவன் விடுத்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் வியக்கிறார். அவனை முள்ளூர் மன்னன் காரி கொன்று இம்மலையைச் சேரருக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றின் 209ஆம் பாடலில் வருகிறது. அங்கே கொல்லியை ‘செவ்வேர்ப் பலவின் பயங்கெழு கொல்லி’ என்று கல்லாடனார் பலாவை முன்னிட்டே அடையாளம் காட்டுகிறார். கோடையில் வந்தால் மலைச்சாலை ஓரமெங்கும் பலாப்பழங்கள் குவித்து விற்கப்படுவதைக் காணலாம்; இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்ன விளைச்சல் இன்றும் அதே சரிவுகளில் விளைகிறது. சிலைக்கு அருகே இந்தப் பாடல்களைப் பொருளோடு பெரிய எழுத்தில் வைத்தால் எத்தனையோ மாணவர்கள் படித்துப் பயன்பெறுவார்கள். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கையொட்டி அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவின்போது மலை முழுக்கக் கூட்டம் நிறைந்திருக்கும். விழாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

சங்கப் பாடல்கள் புகழும் கொல்லிப் பாவை என்னும் பெண்ணுருவை இன்று எட்டுக்கை அம்மன் கோயிலில் மக்கள் வழிபடுகிறார்கள். காண்போரை மயக்கிய அந்தப் பாவையைப் ‘பூதம் புணர்த்த புதிதியல் பாவை’, அதாவது பூதம் படைத்த புதுமையான பாவை என்கிறது நற்றிணை. கோயில் மிகச் சிறியது. சுற்றியுள்ள அமைதிக்காகவே போகலாம்.

மாசிலா அருவி குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஏற்றது. அதிகம் நடக்க வேண்டியதில்லை, சிறுவர்களும் அச்சமின்றிக் குளிக்கலாம். ‘நம் அருவி’ என்று பெயர் பெற்ற இன்னோர் அருவி சிறியது; கோடையில் தண்ணீர் மிகக் குறைந்துவிடுவதால் மழைக்குப் பின் மட்டும் போகலாம். சீக்குப்பாறை, சேலூர் காட்சி முனைகள் மூடுபனி இல்லாத நாளில் நன்றாக இருக்கும். பனி மூடியிருந்தால் வெள்ளைத் திரைதான். வாசலூர்பட்டிப் படகுத் துறைக்காக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. இதைவிட நல்ல ஏரிகள் வேறு மலைகளில் உண்டு. சித்தர் குகைகளுக்குப் போக நினைப்பவர்கள் வனத்துறையின் அனுமதியும் வழி தெரிந்த உள்ளூர்க்காரரின் துணையும் இல்லாமல் காட்டுக்குள் நுழையக் கூடாது.

உணவில் பெரிய வகைகளை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அறப்பளீசுவரர் கோயில் அருகே கடைகளில் கிடைக்கும் முடவாட்டுக்கால் சூப்பைக் குடிக்காமல் வரக் கூடாது. பாறைகளில் படர்ந்து வளரும் ஒரு பெரணி வகையின் கிழங்கு அது. பழுப்பு நிற ரோமம் அடர்ந்து, பார்ப்பதற்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். ரோமத்தைச் சீவி, இடித்து, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்க வைத்துத் தருகிறார்கள். படி ஏறி வந்த களைப்புக்கு அந்தக் காரமும் சூடும் மிகவும் இதமாக இருக்கின்றன. மூட்டு வலி அடியோடு தீரும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பி, சாப்பிடுகிற மருந்தை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அருவிப் பாதையின் ஓரங்களில் நெகிழிப் பைகளும் உடைந்த மதுப் புட்டிகளும் கிடக்கின்றன; வெறுங்காலோடு தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு அந்தக் கண்ணாடித் துண்டுகள் பெரும் ஆபத்து. பெண்கள் உடை மாற்றுவதற்கு இன்னும் நல்ல வசதி தேவை. தங்குமிடங்களின் தரமும் ஒன்றுபோல் இல்லை. படங்களில் பளபளத்த ஒரு விடுதியில் இரவு முழுக்க வெந்நீரும் இல்லை, போர்வையும் போதவில்லை. முன்பதிவு செய்யும்போதே இவ்விரண்டையும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மிளகு, காப்பித்தூள், மலைவாழை ஆகியவற்றைச் சோளக்காட்டுச் சந்தையில் வாங்கலாம்; விளைவித்தவர்களே கொண்டு வந்து விற்கும் நாளைக் கேட்டறிந்து போனால் சரக்கு நயமாக இருக்கும். சாலையோரத்தில் புட்டியில் அடைத்து விற்கும் தேனை மட்டும் தெரிந்தவர் துணையில்லாமல் வாங்க வேண்டாம். நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் அரசுப் பேருந்துகள் வருகின்றன. சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் எரிபொருளை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொண்டு, வளைவுகளில் ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு, தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். வளைவுகளில் தலைசுற்றல் வருகிறவர்களுக்கு, ராசிபுரம் பக்கம் இறங்கும் முள்ளுக்குறிச்சி வழி திரும்புவதற்குச் சற்று எளிதாக இருக்கும்.