வன்னி வெயிலில் ஆறாவது வருடம்: எங்கள் வீட்டுக் குவாண்டம் புள்ளி ரீவி

2019 மார்கழியில் கிளிநொச்சியில் வாங்கிய 55 அங்குல கியூஎல்ஈடி ரீவி இது. கடைக்காரத் தம்பி “சேர், இதுவும் ஓஎல்ஈடி மாதிரித்தான்” என்று சொல்லித்தான் விற்றார். அது பிழை. ஓஎல்ஈடியில் திரையின் ஒவ்வொரு படப்புள்ளியும் (பிக்சல்) தானே எரியும், தானே அணையும். இதில் பின்னால் எந்நேரமும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இரவுக் காட்சி வந்தால் கறுப்பு சாம்பல் பூசியதுபோலத் தெரியும். ஆறு வருடமாக எனக்கு அந்தக் குறை தீரவில்லை.

ஆனால் நிறம்? முற்றத்துச் செவ்வரத்தையைப் போனில் படமெடுத்துப் பழைய ரீவியில் போட்டால் செம்மஞ்சளாகத் தெரியும். இதில் போட்டபோது அம்மா எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தா.

காரணம் திரைக்குப் பின்னால் இருக்கிற ஒரு மெல்லிய தாள். அதற்குள் சில நனோமீற்றர் அளவேயான குறைகடத்திப் படிகங்கள் இருக்கின்றன. இவைதான் குவாண்டம் புள்ளிகள், கியூஎல்ஈடியில் ‘கியூ’ இவற்றைத்தான் குறிக்கும். பின்விளக்கு வெள்ளை அல்ல, 450 நனோமீற்றர் அளவிலான நீலம். அந்த நீலத்தைக் குடித்து, சிறிய படிகங்கள் பச்சையையும் கொஞ்சம் பெரியவை சிவப்பையும் உமிழும். குடிபடாத நீலம் அப்படியே வெளியே வரும். மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. பச்சைக்கும் சிவப்பிற்கும் ஒரே பொருள்தான், அளவு மட்டும் வேறு. பிள்ளைகளுக்கு நான் நாதசுரத்தைச் சொல்லித்தான் விளங்கப்படுத்துவது: நீளம் குறைந்த திமிரிக்குச் சுருதி கூட, நீண்ட பாரிக்குக் குறைய. இலத்திரனை அடைக்கிற இடம் சுருங்கச் சுருங்க, அது ஏறி இறங்குகிற சக்தி மட்டங்களுக்கு நடுவே உள்ள தூரம், அதாவது சக்தி இடைவெளி, கூடும், ஒளி நீலப் பக்கம் நகரும்.

குவாண்டம் புள்ளிகளைக் கண்டும் ஆக்கியும் காட்டிய எக்கிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பின்விளக்கான நீல எல்ஈடிக்குள்ளும் இதே கதைதான், அங்கே இலத்திரனை அடைப்பது ஒரு மெல்லிய படலம். அதற்குக் குவாண்டம் கிணறு என்று பெயர். காலியம் நைட்ரைட்டுக்கு நடுவே சில நனோமீற்றர் தடிப்பில் இந்தியம் கலந்த படலம். நீல எல்ஈடிக்கு 2014இல் பௌதிகவியல் நோபல். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு நோபல் தொங்குகிறது. தவணைப் பணம் கட்டி முடிக்கத்தான் மூன்று வருடம் போனது.

ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகள் வந்தால் ஒரு வேலை செய்வோம். அறையை இருட்டாக்கி, கறுப்புத் திரையில் ஒல்லியான வெள்ளைக் கோடு ஒன்றைப் போட்டு, பழைய சீடியைச் சரித்துப் பிடித்து அதில் பார்ப்போம். நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் தனித்தனிப் பட்டையாக, நடுவில் இருள் விட்டு நிற்கும். குசினி எல்ஈடி குமிழைப் பார்த்தால் நீலத்திற்குப் பிறகு பச்சையிலிருந்து சிவப்புவரை ஒரே இழுவல். செவ்வரத்தை ஏன் செம்மஞ்சளாகத் தெரிந்தது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது: ஒரே இழுவலில் சிவப்பு தனித்து நிற்பதில்லை.

பழுதுகளுக்கு வருவோம். 2022 கரண்ட் வெட்டுக் காலத்தில், கரண்ட் திரும்பி வந்த ஓர் இரவு பவர் போர்ட் எரிந்தது. அதன் பிறகு ஸ்டெபிலைசர் இல்லாமல் பிளக்கைக் குத்துவதில்லை.

பெரிய கூத்து 2024இல். பின்விளக்கில் எல்ஈடிகள் வரிசையாகப் பதித்த ஒரு கீற்று செத்து, இடப்பக்க மூலை இருண்டது. திருத்தக் கொடுத்த இடத்தில் எல்லாக் கீற்றையும் மாற்றித் தந்தார்கள். வீட்டில் போட்டால் செய்தி வாசிக்கிற பிள்ளையின் முகம் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல. “என்னடா தம்பி, எல்லாருக்கும் செங்கமாரி பிடிச்சமாதிரிக் கிடக்கு” என்றா அம்மா. திரும்பக் கொண்டுபோய்க் கழற்றச் சொன்னேன். நினைத்தது சரி: சாதாரண ரீவிக்குப் போடுகிற வெள்ளைக் கீற்று. வெள்ளை எல்ஈடி தன் நீலத்தில் பெரும் பங்கை ஏற்கெனவே மஞ்சளாக்கிவிடுகிறது. மிஞ்சிய நீலத்தையும் இந்தத் தாள் தின்றால் மஞ்சளைத் தவிர வேறென்ன வரும்? கியூஎல்ஈடி வைத்திருப்பவர்கள் திருத்தக் கொடுக்கும்போது “நீலக் கீற்றுத்தான் வேணும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்களுக்குக் கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை ஆனது.

அன்றைக்குத்தான் தாளைக் கையில் பிடித்துப் பார்த்தேன். வெளியே வெறும் இளமஞ்சள் பிளாஸ்ரிக். நீலக் கீற்றுக்கு மேலே பிடித்ததும் பால்போல வெள்ளையாக எரிந்தது. கடைப் பெடியனும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தான்.

வெயில்தான் என் பயமாக இருந்தது. எங்களுடையது சீற்றுக் கூரை. சூடு ஏறினால் சக்தி இடைவெளி சற்றுக் குறைந்து ஒளி சிவப்புப் பக்கம் நகரும், பிரகாசமும் இறங்கும். சித்திரை மதியத்திலும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஈரமும் ஒட்சிசனும்தான் கூடிய எதிரி. தாளின் விளிம்பில் தீக்குச்சித் தடிப்புக்குப் படிகங்கள் செத்து, அந்த ஓரம் நீலம் பாய்ந்திருக்கிறது. வெள்ளைப் பின்னணி வந்தால் கிட்ட நின்று தேடினால் தெரியும். நடுவில் நிறம் வாங்கிய அன்று போலவே.

வாங்குகிறவர்கள் கடையில் வைத்துக் காட்டுகிற ‘டைனமிக்’ அமைப்பை வீட்டில் முதல் வேலையாக மாற்றுங்கள். அதில் வயல் எல்லாம் பச்சைச் சாயம் ஊற்றியதுபோல இருக்கும்.

கழற்றிய வெள்ளைக் கீற்றுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்று இப்போது பழைய மோட்டார்சைக்கிள் பற்றரியில், கோழிக்கூட்டில் எரிகிறது.