உள்ஃபைபர் பிளேடு: ஆட்டம் பழகிவிட்டது, விளிம்பு பழகவில்லை

நான் டேபிள் டென்னிஸ் ஆடும் ஆரிலேட் கார்பன் பிளேடின் விலை இந்த மாதம் நன்றாக இறங்கியிருக்கிறது. பிளேடு என்பது ரப்பர் ஒட்டுவதற்கு முன்புள்ள மர மட்டை; ஆரிலேட் கார்பன் என்பது அதன் மர அடுக்குகளுக்கு நடுவே வைக்கும் செயற்கை இழை, அதாவது ஃபைபர். அதிலிருந்து பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள்: தாக்கி ஆடுகிறவர்களுக்கு இது ஏற்றதா, வேகம் கையை மீறிப் போகாதா, கொடுக்கிற காசு தகுமா? மேசையோரம் நின்று ஒவ்வொருவருக்கும் பாதிப் பதில் சொல்வதைவிட முழுவதையும் எழுதிவிடுவது மேல். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நடுமரத்தை ஒட்டி ஃபைபர் வைத்த பிளேடு இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் இருக்கிறது. நான் எழுதுவதில் பெரும்பகுதி அந்த வகைக்கே பொருந்தும்.

ஐந்து மர அடுக்கு, இரண்டு ஃபைபர் அடுக்கு, ஆறு மில்லிமீட்டர் கனம் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. பெட்டியில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். விதிப்படி பிளேடின் கனத்தில் 85 விழுக்காடாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும். இடையில் வைக்கும் ஃபைபர் அடுக்கு மொத்தக் கனத்தில் 7.5 விழுக்காடு, 0.35 மில்லிமீட்டர் ஆகிய இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. ஆறு மில்லிமீட்டர் பிளேடுக்கு 0.35தான் எல்லையாகிறது. அந்த நூலளவு அடுக்கை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் பிளேடின் குணம் அடங்கியிருக்கிறது.

பட்டர்ஃபிளை நிறுவனத்தின் விஸ்காரியாவில் மேல்மரம் கோட்டோ. ஃபைபர் அதற்கு நேர் அடியிலேயே இருக்கிறது; இதுதான் வெளிஃபைபர். சீன வீரர் ஜாங் ஜிகே 2011இல் உலகச் சாம்பியன் ஆனதும், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதும் அந்தப் பிளேடில்தான். பந்து பட்ட நொடியிலேயே ஃபைபர் விழித்துக்கொள்ளும். இன்னொரு சீன வீரர் மா லாங் பெயரோடு சீனாவின் டிஎச்எஸ் நிறுவனம் விற்கும் ஹரிக்கேன் லாங் 5இல் அதே வகை ஃபைபர் உள்ளே தள்ளி, நடுமரத்தை ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பந்துக்கும் ஃபைபருக்கும் நடுவே இரண்டு மர அடுக்குகள் நிற்கின்றன. மெல்லத் தொட்டால் மரம் மட்டுமே பதில் சொல்லும். ஓங்கி அடித்தால்தான் அடி ஃபைபர்வரை இறங்கும். என்னுடையது இந்த இரண்டாவது வகை, உள்ஃபைபர். வெளியே லிம்பா மரம், அதன் அடியிலும் லிம்பா, பிறகு ஃபைபர், நடுவில் எடை குறைந்த கிரி மரம்.

வேகமான பிளேடு என்றதும் எல்லோரும் ஸ்மாஷைப் பற்றியே பேசுகிறார்கள். வேகமான பிளேடு ஒருவருக்குப் பொருந்துகிறதா என்பது தெரிவது குட்டைப் பந்தில்தான். எதிராளி நம் ஃபோர்ஹேண்ட் பக்கம் வலையை ஒட்டி பேக்ஸ்பின் சர்வீஸ் போடுகிறார். வலது காலை மேசைக்கு அடியில் நுழைத்து, பிடியைத் தளர்த்தி, பந்து எழும்போதே தொட்டு, வலைக்கு அப்பால் குட்டையாக விட வேண்டும். அங்கே அது மேசையிலேயே இரண்டு முறை குதித்தால் எதிராளியால் லூப், அதாவது பந்தை மேல்நோக்கி உரசி முன்சுழற்சி ஏற்றும் அடி, போட முடியாது. வெளிஃபைபர் பிளேடுகளில் இந்தப் பந்து எனக்கு எப்போதும் ஒரு சாண் நீளமாகவே போய் விழும். எதிராளி காத்திருந்து அடிப்பார். இந்தப் பிளேடில் முதல் மாலையிலேயே பந்து நின்றது. நல்ல ஐந்தடுக்கு மரப் பிளேடில் ஆடும்போது உள்ளங்கையில் ஒரு மந்தமான தட்டு தெரியுமே, அதே தட்டு. கார்பன் பிளேடு என்ற நினைப்பே வரவில்லை.

அடுத்த பந்தை எதிராளி நீளமாகத் தள்ளினால் கதை மாறுகிறது. முழங்காலை மடித்து, இடுப்பைத் திருப்பி முழு லூப் போட்டால் பந்து ஒரு கணம் மரத்தில் அமிழ்ந்து பிறகு சீறிக்கொண்டு கிளம்புகிறது. அந்த அமிழ்வில்தான் சுழற்சி ஏறுகிறது. வெளிஃபைபரில் நான் அடித்த லூப்கள் வேகமாகப் போகும், ஆனால் தட்டையாகப் போகும். வலையைத் தாண்டும் உயரம் குறைவு, தவறும் வாய்ப்பு கூடுதல். இதில் வளைவு கூடுதலாகக் கிடைக்கிறது. ஃபோர்ஹேண்டில் ஒட்டும் தன்மையுள்ள சீன ரப்பரும், பேக்ஹேண்டில் மென்மையான ஸ்பாஞ்ச் கொண்ட ஜப்பானிய ரப்பரும் வைத்திருக்கிறேன். இரண்டு ரப்பருக்கும் இந்தப் பிளேடு இடம் கொடுக்கிறது.

ஒரு குறையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்போதே தட்டி ஆடுகிறவர்களுக்கு இது அரை நொடி தாமதமாகத் தோன்றும். நம் சென்னை வீரர் சத்தியனைப்போல மேசையை விட்டு விலகாமல், பேக்ஹேண்டில் படபடவென்று அடித்து நெருக்கும் ஆட்டம் உங்களுடையது என்றால் வெளிஃபைபரே பொருத்தம். ஒரு அடி பின்வாங்கி, கை முழுவதும் வீசி லூப் அடிக்கிற ஆட்டம் என்றால் உள்ஃபைபர்.

இவ்வளவும் எழுதியபின் கோபத்துக்கு வருகிறேன்.

கைப்பிடி முடிந்து பிளேடு விரியத் தொடங்கும் தோள்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரியும் கவட்டை அங்கேதான் உட்காருகிறது. இயந்திரம் வெட்டிய வெட்டு அப்படியே நிற்கிறது. செங்கோணம். ஒரு உரசல்கூட இல்லை. சாதாரண ஃபோர்ஹேண்டில் அது அதிகம் தெரியாது; கைப்பிடியை மற்ற மூன்று விரல்களும் சுற்றிப் பிடித்திருப்பதால் அழுத்தம் பரவிவிடும். கையை ஊசல்போல வீசிப் போடும் பெண்டுலம் சர்வீஸில்தான் அது கடிக்கிறது. அந்த சர்வீஸுக்கு மணிக்கட்டு தாராளமாகச் சுழல வேண்டும், அதனால் மூன்று விரல்களையும் கைப்பிடியிலிருந்து விடுவிக்கிறோம். மட்டை முழுவதையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கவ்விப் பிடிக்கின்றன. பிளேடும் இரண்டு ரப்பரும் சேர்ந்து 180 கிராமுக்கு மேல் எடை, அந்தக் கூர்விளிம்பைச் சுற்றியே திரும்புகிறது. கவட்டைத் தோலில் முதலில் ஒரு சிவந்த கோடு விழும். ஆட்டம் நீண்டால் அது கொப்பளமாகும். கொப்பளம் உடைந்தபின் உப்பு வியர்வை அதில் இறங்கும் எரிச்சலை நான் விவரிக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இது இரட்டிப்பாகிறது. பந்தின் எடை 2.7 கிராம், மின்விசிறிக் காற்றுக்கே விலகிப் போகும். அதனால் உள்ளரங்கில் விசிறியை அணைத்துவிட்டு ஆடுகிறோம். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் கை பத்தே நிமிடத்தில் ஊறிவிடும். ஊறிய தோலை அந்த விளிம்பு சுலபமாக அறுக்கிறது. வலிக்குப் பயந்து கை தானாகப் பிடியைச் சற்றுக் கீழே இறக்கிக்கொள்கிறது. பிடி இறங்கினால் மட்டையின் கோணம் மாறுகிறது; கோணம் மாறினால் நான் மேலே மெச்சிய அந்தக் குட்டைப் பந்து உயரமாக எழும்புகிறது. ஆகவே இதைச் சில்லறைக் குறை என்று ஒதுக்க முடியாது. பிளேடின் மிகச் சிறந்த குணத்தை அதன் விளிம்பே பறிக்கிறது.

புதுச் செருப்பு கடிப்பதுபோல நாளடைவில் பழகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். பழகவில்லை. உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். முதலில் 240ஆம் எண் தாள், பிறகு அதைவிட நயமான 400. லிம்பாவும் கிரியும் மென்மையான மரங்கள், அழகாக உருண்டன. ஆரிலேட் இழை உருளவில்லை. மரம் தேய்ந்து பின்வாங்க, அதன் நடுவே இழை மட்டும் மெல்லிய பிசிறாக எழுந்து நின்றது. நகத்தால் வருடினால் இரண்டு கோடுகள் தனியாகத் தட்டுப்படும். கூர்மையான கத்தியால் பிசிறைச் சீவி, மேலே மெல்லிய வார்னிஷ் பூசி, காயவைத்து மறுபடி 600இல் தேய்த்தபின் சில வாரம் நிம்மதி. வியர்வை வார்னிஷைத் தின்றதும் பிசிறு திரும்பி வந்துவிடுகிறது. சென்ற வாரம் ரப்பர் மாற்றும்போது மறுபடி இந்த வேலை முழுவதையும் செய்தேன். விளிம்பில் டேப் ஒட்டிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஈரக் கையில் டேப் வழுக்குகிறது, மரத்தைத் தொடும் உணர்வும் போய்விடுகிறது.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. எல்லாருடைய கையும் ஒன்றல்ல. எங்கே, எவ்வளவு உருட்ட வேண்டும் என்பதை ஆடுகிறவரே முடிவு செய்யட்டும், தேய்த்த மரத்தை மறுபடி ஒட்ட முடியாது என்பது அந்த வாதம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் புதுப் பிளேடை வாங்கியதும் தாமே தேய்த்துக்கொள்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் கூர்மையான செங்கோணம் யாருடைய கைக்கும் பொருந்தாது. அரை மில்லிமீட்டர் உருட்டினால் எந்தக் கைக்கும் கெடுதல் இல்லை. ஐந்திலக்க விலை வாங்கிக்கொண்டு, பெட்டிக்குத் தங்க எழுத்து அச்சிட நேரம் ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் அனுப்புவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள் விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு சர்வீஸ் பழகுவதைப் பார்க்கும்போது கோபம் இன்னும் ஏறுகிறது.

மரப் பிளேடு போதாதா என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பந்து 2000இல் 38 மில்லிமீட்டரிலிருந்து 40க்கு வளர்ந்தது; 2008இல் ரப்பருக்கு வேகம் கூட்டிய பழைய கரைப்பான் பசைக்குத் தடை வந்தது; 2014இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் வேகமும் சுழற்சியும் சற்றுச் சற்றுக் குறைந்தன. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஃபைபர் பக்கம் இத்தனை பேர் நகர்ந்தார்கள். மேசையிலிருந்து இரண்டு மீட்டர் பின்னால் தள்ளப்பட்டு அங்கிருந்து எதிர்லூப் போடும்போது மரப் பிளேடுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தோளில் தெரியும். நடுவில் படாமல் ஓரத்தில் பட்ட பந்தையும் ஃபைபர் காப்பாற்றிக் கொடுக்கும். மரம் அவ்வளவு கருணை காட்டாது. அதே வேளையில், ஸ்டிகா நிறுவனத்தின் கிளிப்பர் போன்ற ஏழடுக்கு மரப் பிளேடு இன்றும் ஊர்ப் போட்டிகளுக்குத் தாராளமாகப் போதும். அதில் வேகம் இருக்கிறது, பந்து எங்கே பட்டது என்பதைக் கை உடனே அறிகிறது, விலையும் பாதிக்குக் குறைவு. தோள்பகுதி முழுக்க மரம் என்பதால் உப்புத்தாளால் தேய்த்தால் தேய்த்தது தேய்த்ததுதான், பிசிறு எழாது.

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில்: வாங்க வேண்டாம். விலை இறங்கியிருந்தாலும் வேண்டாம். நான் ஆடியவற்றில் இதைவிட நல்ல பிளேடு எதுவும் இல்லை, என்னுடையதை யாருக்கும் விற்கப்போவதும் இல்லை. ஆனாலும் இந்த நிலையில் இதைக் காசு கொடுத்து வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழடுக்கு மரத்தில் ஆடுங்கள். மிச்சப் பணத்தில் ரப்பரை உரிய காலத்தில் மாற்றுங்கள். தேய்ந்த ரப்பர் ஒட்டிய விலையுயர்ந்த பிளேடைவிடப் புது ரப்பர் ஒட்டிய மரப் பிளேடு நூறு மடங்கு நன்றாகச் சுழற்றும்.

சொல்லியும் கேளாமல் வாங்குகிறவர்கள் கடையில் தராசு வைத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரிப் பெட்டிக்குள் 84 கிராமும் இருக்கும், 92 கிராமும் இருக்கும், மரம் அப்படித்தான். 86, 87 கிடைத்தால் எடுங்கள். ரப்பர் ஒட்டாத பிளேடில் பந்தைத் தட்டிக் கேளுங்கள். ஒரே மாதிரியான இரண்டில் ஒலி உச்சமாக ஒலிப்பது விறைப்பானது, தாழ ஒலிப்பது இளகியது. குட்டைப் பந்து வேண்டுமென்றால் தாழ ஒலிப்பதை எடுங்கள். தோளைத் தேய்ப்பதை ரப்பர் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கார்பன் தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் உட்காரும் பரப்பைத் தொடாதீர்கள். பசை உரிக்கும்போது லிம்பா நார் கிளம்பும் என்பதால் ரப்பரைக் கைப்பிடியிலிருந்து மேல்நோக்கி, மர நாரின் போக்கிலேயே மெதுவாக இழுங்கள்.

அந்த விளிம்பை உருட்டி விற்கும் உள்ஃபைபர் பிளேடு ஒன்று எங்காவது வந்திருந்தால் யாராவது தெரிவியுங்கள். அன்றே வாங்கிவிடுவேன்.