மூன்று நாள் தாண்டியும் விடாத ஒற்றைத் தலைவலி: நெல்லை அனுபவம்

லண்டனிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி பழைய தொல்லை, பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும். இந்த முறை பயண அலுப்பு, தூக்கக் கேடு, வெயில், நேரம் தப்பிய சாப்பாடு எல்லாம் சேர்ந்துகொள்ள, மூன்று நாள் தாண்டியும் விடவில்லை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி.

பக்கத்துக் கிளினிக்கில் ஒரு வலி ஊசி போட்டு, "பித்தம்தான், ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாளாக வலி, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. மெடிக்கல் கடையில் சீட்டே கேட்காமல் எர்காட்டமின் என்ற பழைய ஒற்றைத் தலைவலி மருந்து கலந்த மாத்திரையை நீட்டினார்கள். காலையில்தான் சுமாட்ரிப்டான் (டிரிப்டான் வகை ஒற்றைத் தலைவலி மாத்திரை) போட்டிருந்தாள். இரண்டையும் 24 மணி நேரத்துக்குள் சேர்க்கக்கூடாது, ரத்தக் குழாய்கள் ஆபத்தான அளவுக்குச் சுருங்கிவிடும். வாங்கவில்லை.

அன்று இரவு ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கடைசியா வலி முழுசா எப்போம்மா விட்டிருந்துச்சு?" என்பதுதான். நடுவில் தூங்கியோ மாத்திரை போட்டோ 12 மணி நேரம் வரை வலி விட்டிருந்தாலும் அது அதே வலிதானாம். இப்படி 72 மணி நேரத்துக்கு மேல் ஆளை முடக்கிப் போட்டால் 'ஸ்டேட்டஸ் மைக்ரேனோசஸ்', வீட்டு மாத்திரைக்கு லேசில் அடங்காது என்றார். கழுத்தை மடக்கிப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். காய்ச்சல் உண்டா, பேச்சு குழறியதா, வலி திடீரென்று உச்சத்துக்குப் போனதா என்றும் விசாரித்தார். இதில் ஒன்று இருந்திருந்தாலும் முதலில் ஸ்கேன்தான்.

அப்புறம் டிரிப்ஸ் ஏறியது. கூடவே வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, வலிக்குக் கீட்டோரோலாக், வலி திரும்பாமலிருக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இதற்கும் கேட்காவிட்டால் வலிப்பு மருந்தான வால்புரோயேட் ஏற்றலாம் என்றார். கர்ப்பம் இல்லை என்று சோதித்துவிட்டுத்தான் மருந்துகளையே தொடங்கினார். யாரும் சொல்லாமலே நர்ஸம்மா கட்டிலுக்கு மேலிருந்த டியூப்லைட்டை அணைத்து, வராந்தா வெளிச்சம் விழாமல் திரையை இழுத்துவிட்டார். அதற்கே அவருக்குக் கோடி நன்றி.

விடிவதற்குள் வாந்தி நின்று, வலியும் பெரும்பாலும் இறங்கிவிட்டது. டிரிப்டான் மாதத்தில் 10 நாளையும், சாதாரண வலி மாத்திரை 15 நாளையும் எட்டக்கூடாது, எட்டினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். ஊருக்கு வருகிறவர்கள் உங்கள் மாத்திரைகளின் மூலப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிராண்டு பெயர் அங்கே வேறாக இருக்கும்.