கிறிஸ்தியான்சுந்தில் ஆறு வருடம், கார் இல்லாமல்

ஒஸ்லோவில் இருக்கும் நண்பனுக்கு நோர்வேயின் மேற்குக் கரையில் உள்ள இந்த ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. "மச்சான், கார் இல்லாமல் சமாளிக்கலாமா?" என்று நேற்றிரவு கேட்டான். ஆறு வருடமாகச் சமாளிக்கிறவன் நான். நேற்றுக்கு முன்னால் கேட்டிருந்தால் நல்ல பதிலாகச் சொல்லியிருப்பேன்.

வந்து சேர்வது பெரிய கரைச்சல் இல்லை. ரயில் கிடையாது. விமானம் உண்டு. த்ரொண்ட்ஹைமிலிருந்து விரைவுப் படகும் வருகிறது, ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். அலை இருந்தால் சாப்பிட்டுவிட்டு ஏறாதே.

ஊருக்குள் சுந்த்போட் இருக்கிறது. தீவுகளின் மேல் பரந்த ஊர், நடுவில் துறைமுகம். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு 1876 முதல் ஓடும் சின்னப் படகு இது. யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்துக் காத்தே வளர்ந்தவன் நான். இங்கே ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் எதிர்க்கரைத் தீவான இன்லாண்டெ வந்துவிடும். வேலை இல்லாத நாளிலும் சும்மா ஒரு சுற்றுப் போய் வருவேன். துறையில் ஒரு பெண்ணின் சிலை நிற்கிறது, கிளிப்ஃபிஸ்க் காயவைத்த பெண்களின் நினைவாக. உப்பிட்டுக் காயவைத்த கொட் மீன்தானே? எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் கருவாட்டக்கா.

சரி, இனிக் கோபத்துக்கு வருகிறேன். எதிரே கண்ணுக்குத் தெரிகிற தீவு ஆவெரோய். அதற்கு அப்பால் எட்டுப் பாலங்களோடு அட்லாண்டிக் சாலை. முன்பு அந்தப் பக்கம் பெர்ரி ஓடியது. 2009 இல் கடலுக்கு அடியில் 250 மீட்டர் ஆழத்தில் சுரங்கப்பாதை திறந்தார்கள், பெர்ரியை நிறுத்தினார்கள். 5.7 கிலோமீட்டர்தான், ஆனால் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2020 இல் சுங்கக் கட்டணத்தையும் எடுத்தார்கள். கார்க்காரனுக்குக் கொண்டாட்டம், சைக்கிளில் திரிகிற எனக்கு என்ன?

சைக்கிளை பஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும், இடம் இருந்தால். நேற்று இடம் இல்லை. ஓட்டுநரில் பிழை சொல்ல முடியாது, உள்ளே இரண்டு குழந்தை வண்டிகள் நின்றன. மன்னிப்பும் கேட்டார். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் மழையில் நின்றேன். அதிலும் இடம் இல்லை.

ஊர் அருமையான ஊர்தான், படகுக்காகவே வந்து இருக்கலாம். ஆனால் நண்பனுக்கு நான் எழுதிய பதில் ஒரு வரி: கார் வாங்கு, பின்னால் சைக்கிள் மாட்டுகிற ஸ்டாண்டோடு வாங்கு, இரண்டு சைக்கிளுக்கு இடம் இருக்கட்டும்.